வீட்டில் பதிந்த சொந்தப் பாட்டுக்கு ‘சூப்பர்’ தவிர வேறு பதில் வாங்குவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: கேரள எல்லையோரப் புளியரையில் இருக்கும் ஒருவர் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, அக்கூஸ்டிக் கிட்டாரோடு தன் அறையில் ஃபோனிலேயே பதிந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு முக்கால்வாசிப் பேர் ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் ‘குகைக்குள்ள இருந்து பாடுன மாதிரி இருக்கு’ என்கிறார். யாரை நம்புவது, எப்படிப் பகிர்ந்தால் உருப்படியான கருத்து வரும், கண்டென்சர் மைக் வாங்கலாமா என்பது கேள்வி.

குகை என்று சொன்னவரை விட்டுவிடாதீர்கள். வந்த பதில்களில் தகவல் இருப்பது அது ஒன்றில்தான். ஆனால் அவர் சொன்னது உங்கள் அறையைப் பற்றி. பாட்டைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்பவர் காதில் மூன்று சமாச்சாரங்கள் ஒன்றாக விழுகின்றன: வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு, நீங்கள் அதைப் பாடி வாசித்த விதம், அது பதிவான விதம். இசை பழகியவர்கள் மூன்றையும் பிரித்துக் கேட்பார்கள். மற்றவர்களுக்கு மொத்தமாக ‘நல்லாருக்கு’ அல்லது ‘என்னவோ மாதிரி இருக்கு’ என்றுதான் தோன்றும். பதிவு மோசமாக இருந்தால் மெட்டில் உள்ள கோளாறும் யார் கண்ணிலும் படாது, மெட்டில் உள்ள அழகும் படாது. முகத்தாட்சண்யத்துக்கு ஒரு ‘சூப்பர்’ வரும், அவ்வளவுதான். அதனால் கருத்துக் கேட்கும் முன், பதிவு பாட்டுக்குக் குறுக்கே நிற்காத அளவுக்கு அதைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டுடியோ தரம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும், கிட்டார் சுருதியில் நிற்க வேண்டும், பின்னால் இருக்கும் இரைச்சல் கவனத்தை இழுக்கக் கூடாது.

மைக்கைத் தொடுமுன் கட்டையை, அதாவது பாடும் சுருதியை, முடிவு செய்யுங்கள். சொந்தப் பாட்டு எழுதுபவர்களிடம் அதிகம் காணும் கோளாறு இது. கை பழகிய ஜி, சி, டி கார்டுகளில் மெட்டு பிறந்திருக்கும். அதே சுருதியில் பதிவும் முடிந்துவிடும். பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் முணுமுணுப்பாகவும் சரணத்தின் உச்சி கத்தலாகவும் வரும். கேட்பவர் ‘குரல் சரியில்லை’ என்று நினைப்பார். குரலில் ஒன்றும் இருக்காது, இடம்தான் தப்பு. பல்லவியில் ஆகக் கீழே இருக்கும் சொல்லையும் சரணத்தில் ஆக உயரத்தில் இருக்கும் சொல்லையும் மட்டும் எடுத்து, கிட்டார் இல்லாமல் மாற்றி மாற்றிப் பாடிப் பாருங்கள். கீழே உள்ள சொல் ஆறடி தள்ளி நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். மேலே உள்ளதை மூன்று முறை தொடர்ந்து பாடினாலும் தொண்டை இறுகக் கூடாது. இரண்டும் பொருந்தும் சுருதியைக் கண்டுபிடித்த பிறகு கேப்போவை (கிட்டார் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கிளிப்) தேடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஜி வடிவக் கார்டுகளை இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசித்தால் ஆறு கட்டை. ஐந்தாம் ஃப்ரெட்டில் போட்டால் ஒரு கட்டை. டி வடிவங்கள் இரண்டில் மூன்று கட்டை, மூன்றில் நான்கு கட்டை. ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் போனால் கிட்டாரின் அடிக்குரல் போய்விடும். அதற்குப் பதில் ஆறு கம்பிகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி, வேறு வடிவத்தில் வாசிப்பது மேல். கேப்போவை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் போடுங்கள். போட்ட பிறகு மறுபடி சுருதி சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது கம்பியை இழுத்துச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிடும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஜூன் தொடங்கி ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் அடிக்கும் மாதங்களில் கிட்டார் மரம் ஈரத்தைக் குடிக்கும். மேல்பலகை உப்பும், கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து உயரும், காலையில் சேர்த்த சுருதி மாலையில் ஏறி நிற்கும். உயர்ந்த கம்பியை அழுத்தும்போது அந்த ஸ்வரம் இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால் வெறும் கம்பிகள் டியூனரில் சரியாக இருந்தாலும் கார்டு பிடித்தால் அபஸ்வரம் தட்டும். கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வாசிக்காத நேரம் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பதிவுக்கு ஓரிரு நாள் முன் புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டுப் பழக்குங்கள். அன்றைக்கே போட்டால் பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கும். விரல் நகரும் கீச்சொலியும் அதிகமாக இருக்கும்.

இனி அந்தக் குகை. பத்துக்குப் பத்து அடி அறை, சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை என்றே வைத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் புது வீடுகளில் பெரும்பாலும் இதுதான். பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நின்று முழங்கும் முதல் அதிர்வெண் 56 ஹெர்ட்ஸ், இரண்டாவது 112. கிட்டாரின் ஐந்தாம் கம்பி, அதாவது வெறும் ஏ, 110 ஹெர்ட்ஸ். பெரிய உடல் கொண்ட கிட்டார்களின் உள்காற்று அதிரும் இடமும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால் ஏ வரும் கார்டுகள் மட்டும் ‘பூம்’ என்று வீங்கும். அறை சதுரமாக இருந்தால் நீளம், அகலம் இரண்டு திசையிலும் அதே எண், வீக்கம் இரட்டிப்பு.

அந்த 112 ஹெர்ட்ஸ் அறையின் நட்ட நடுவிலும் சுவரோரத்திலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால்வாசித் தூரத்தில் ஏறக்குறைய இருக்காது. ஆகவே நடு அறையில் நாற்காலி போடாதீர்கள். ஒரு சுவரிலிருந்து இரண்டரை அடியிலும் பக்கத்துச் சுவரிலிருந்து மூன்றடியிலும் மைக் இருக்குமாறு வைத்துப் பாருங்கள். அரையடி அங்கே இங்கே நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஏ கார்டைப் பத்து விநாடி பதிந்து ஒப்பிடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்களில் இதுதான் பெரியது.

மீதிக் குகைச் சத்தம் நடு, மேல் அதிர்வெண்களின் எதிரொலி. ஒரு முறை கை தட்டினால் ‘டர்ர்’ என்று நடுங்கிக்கொண்டு போகிறதா? அது எதிரெதிர்ச் சுவர்கள் பந்தாடுவது. முட்டை அட்டை ஒட்டாதீர்கள். மெல்லிய அட்டை மேல் அதிர்வெண்களில் கொஞ்சத்தை மட்டும் தின்னும், கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடும். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஒலிக்கு ஒன்றும் ஆகாது. தடிமன்தான் வேலை செய்யும். இலவம்பஞ்சு மெத்தையைப் பாடுபவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். ஏனென்றால் மைக்கின் முகம் பார்ப்பது அந்தப் பக்கம். உங்களைத் தாண்டிச் சென்று சுவரில் மோதித் திரும்புவதுதான் அதற்குள் நேராக நுழைகிறது. பக்கவாட்டில் கயிறு கட்டி இரண்டு கனத்த போர்வைகள், தரையில் மடித்த ஜமுக்காளம். இவ்வளவு செய்தாலே அறை அடங்கும்.

இரைச்சலுக்கு வருவோம். ஃபேனை நிறுத்துவது காற்றுக்காக மட்டும் இல்லை. சுழலும் இறக்கைகள் மேலிருந்து திரும்பும் ஒலியை வெட்டி வெட்டி விடுவதால் நீண்ட ஸ்வரங்களில் ஒரு நடுக்கம் விழும். அதைப் பின்னால் எந்த மென்பொருளும் எடுக்காது. ஃபிரிட்ஜ், பழைய டியூப்லைட் சோக் இரண்டும் 100 ஹெர்ட்ஸில் முனகும். இன்வெர்ட்டரில் ஓடும்போது லேப்டாப் சார்ஜர் வழியாகக் கரகரப்பு வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். தகரக் கொட்டகை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் சாரல் நாளில் பதிவை மறந்துவிடலாம். காங்கிரீட் கூரையில் தூறல் தொந்தரவில்லை, ஜன்னல் இடுக்கில் ஊளையிடும் காற்றுதான் எதிரி. பழைய துணியை முறுக்கி அடையுங்கள். கணவாய்ச் சாலையில் சுமை லாரி ஏறும் உறுமலைக் கீழ் அதிர்வெண்களை வெட்டி ஓரளவு எடுத்துவிடலாம். பகவதிபுரம் பக்கமிருந்து வரும் ரயில் ஹார்னை எடுக்க முடியாது, அந்த டேக் (ஒரு முறை பாடிப் பதிந்தது) போனதுதான்.

கையில் உள்ள ஃபோனே போதும், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, கேமரா வீடியோவில் பதியாதீர்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட தானியங்கி ஒலியளவும் இரைச்சல் நீக்கமும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். கார்டு அடங்க அடங்க அது ஒலியைத் தூக்கும், அடுத்த அடி விழுந்ததும் அமுக்கும்; பாட்டு மூச்சிரைப்பதுபோல் கேட்கும். ஐஃபோன் என்றால் செட்டிங்ஸில் வாய்ஸ் மெமோஸின் ஒலித்தரத்தை ‘லாஸ்லெஸ்’ ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாகப் பதியக்கூடிய, மைக்கைப் பதப்படுத்தாமல் எடுக்கும் வசதி உள்ள ரெக்கார்டர் செயலியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது நிபந்தனை இடம். ஃபோனின் மைக் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். கவர் மறைத்தால் கழற்றுங்கள். வெறும் மேசையில் கிடத்தினால் மேசையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியோடு மோதும். ஸ்டாண்டில் நிறுத்துங்கள், இல்லையென்றால் மடித்த டவல்மேல் வையுங்கள்.

பாடிக்கொண்டே வாசிப்பதை ஒரே ஃபோனில் பிடிக்க, 40 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில் ஆரம்பியுங்கள். குரல் அடங்கியிருந்தால் ஃபோனை வாய்ப்பக்கம் உயர்த்துங்கள், கிட்டார் அடங்கியிருந்தால் தாழ்த்துங்கள். அந்த உயரம்தான் உங்கள் மிக்ஸர். பின்னால் இரண்டையும் பிரிக்க முடியாது. தூரம் பாதியானால் நேரொலி சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். குகை என்றவருக்கு இதுவும் ஒரு பதில்: பெரும்பாலும் ஃபோன் தூரத்தில் இருந்திருக்கும்.

தனித்தனியாகப் பதிவது கருத்துக் கேட்பதற்கு இன்னும் வசதி, ஏனென்றால் பின்னால் ஒன்றை மட்டும் மாற்றலாம். முதலில் கிட்டார். மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைக்காதீர்கள். அங்கேதான் அந்த 100 ஹெர்ட்ஸ் காற்று வெளியே வருகிறது. கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, ஏறக்குறைய பன்னிரண்டாம் ஃப்ரெட்டைப் பார்த்து, 20 முதல் 30 சென்டிமீட்டரில் வையுங்கள். மெட்ரோனோமை (ஒரே வேகத்தில் தாளம் தட்டும் கருவி அல்லது செயலி) இயர்போனில் கேட்டபடி வாசியுங்கள். புளூடூத் இயர்போன் இங்கே ஆகாது; அது ஒலியைத் தாமதமாகத் தருவதால் குரலும் கிட்டாரும் ஒட்டாது. வயர் உள்ளதுதான் வேண்டும். அதன் பிறகு குரல். 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்வாக. சொல்லின் முதலில் வரும் ‘ப’ மைக்கில் குண்டு போடும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டி மைக்குக்கு நான்கு விரல்கடை முன்னால் நிறுத்தினால் அடங்கும். ஒலியளவைப் பல்லவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டிலேயே சத்தமான வரியைப் பாடி, உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டுச் சிதைந்ததை மீட்க வழியில்லை.

ஒரு மாலைக்கு மூன்று முழு டேக் போதும், அதற்குமேல் குரல் தேயும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் மௌனத்தையும் பதியுங்கள். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்திருந்தால் ஒரு சோதனை: முதல் பல்லவி எத்தனை விநாடி, கடைசிப் பல்லவி எத்தனை விநாடி என்று அளந்து பாருங்கள். 28-ல் தொடங்கி 25-ல் முடிந்திருந்தால் பாட்டு 12 சதவீதம் ஓடியிருக்கிறது. கேட்பவருக்கு இது ‘ஏதோ அவசரம்’ என்று மட்டும் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது.

மிக்ஸிங்கில் அதிகம் மினக்கெட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியோ பேண்ட்லேபோ போதும். குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கிட்டாரில் அந்த 110-ஐ ஒட்டிய வீக்கத்தை 3 டெசிபல் குறையுங்கள். ஒலி தெளிவில்லாமல் கலங்கியிருந்தால் 200 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் இன்னும் 2 டெசிபல். இரைச்சல் நீக்கம் 6 டெசிபலைத் தாண்டினால் குரலின் வால் நீருக்கடியில் பேசுவதுபோல் குழையும். மெல்லிய இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதே மேல். குரலுக்குக் கம்ப்ரஷன் (சத்தமான இடங்களை அமுக்கும் வசதி) மூன்றுக்கு ஒன்று, உச்சத்தில் 3 முதல் 5 டெசிபல் அமுங்கினால் சரி. ரிவர்பை (மென்பொருள் சேர்க்கும் எதிரொலி) கேட்கும் அளவுக்கு ஏற்றி, பிறகு பாதியாக இறக்குங்கள். கருத்துக் கேட்கும் பிரதியில் ரிவர்ப் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. மொத்த ஒலியளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14-ஐ ஒட்டித்தான் நிரவுகின்றன. அதைவிடச் சத்தமாக ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய ஒலி. கடைசியாக ஃபோன் ஸ்பீக்கரில், ஆகக் குறைந்த ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் சொற்கள் பிடிபட்டால் குரல் சரியான அளவில் இருக்கிறது.

அனுப்பும் வழியிலேயே பாதிப் பேர் பதிவைக் கெடுத்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போனால் அது பேச்சுக்கான சுருக்கத்துக்குள் போய்விடும். ‘டாக்குமெண்ட்’ ஆக இணைத்தால் கோப்பு அப்படியே போகும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு 17 எம்.பி. வரும், நாலு நிமிடப் பாட்டு 69. அதை உங்களிடம் வைத்துக்கொண்டு, 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 அனுப்புங்கள், பத்து எம்.பி.க்குள் அடங்கும். நிறையப் பேருக்கு என்றால் யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ ஆக ஏற்றி இணைப்பைக் கொடுக்கலாம். சவுண்ட்கிளவுடில் தனிப்பட்ட இணைப்பு கொடுத்தால் கேட்பவர் குறிப்பிட்ட விநாடியிலேயே கருத்தைப் பதிக்கலாம் என்பது கூடுதல் வசதி. கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று போனால் யார் எதைக் கேட்டுச் சொன்னார்கள் என்பதே தெரியாமல் போகும்.

களவு பயம் பலருக்கு உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி பாட்டு எழுத்திலோ பதிவிலோ உருவானதுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்துகொள்வது கட்டாயம் இல்லை, ஆனால் சான்றாக நிற்கும். வரி, இசை, ஒலிப்பதிவு மூன்றும் சட்டத்தின் கண்ணில் தனித்தனிப் படைப்புகள். தேதியோடு கூடிய மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். மறுபக்கத்தையும் பாருங்கள்: பல்லவியைப் பத்துப் பதினைந்து விநாடி கூகுள் செயலியில் முனகித் தேடினால், ஏற்கெனவே உள்ள எந்தப் பாட்டோடு அது ஒட்டுகிறது என்று காட்டும். ஒரே ராகமும் ஒரே கார்டு வரிசையும் குற்றமில்லை. எட்டுத் தாளச் சுற்று தொடர்ந்து அதே ஸ்வரமும் அதே நடையும் இருந்தால் யாரும் சொல்வதற்கு முன் நீங்களே மாற்றிவிடுங்கள்.

இப்போது கேட்கும் விதம். ‘எப்படி இருக்கு?’ என்றால் ‘சூப்பர்’தான் வரும், அந்தக் கேள்விக்கு அதுதான் பொருத்தமான பதில். தவிர்க்க முடியாதபடி வேறு பதில் வரும் கேள்விகளைக் கேட்க வேண்டும். மிகச் சிறந்தது எழுதச் சொல்வது. வரிகளைக் கொடுக்காமல் பாட்டை மட்டும் அனுப்பி, ‘பல்லவியும் முதல் சரணமும் காதுல விழுந்தபடி எழுதி அனுப்புங்க, புரியாத இடத்துல கோடு போடுங்க’ என்று கேளுங்கள். நான்கு பேர் எழுதியதில் மூவர் ஒரே இடத்தில் கோடு போட்டால் அங்கே கிட்டார் சொல்லை மூடுகிறது, அல்லது மெட்டு சொல்லை உடைக்கிறது. குறிலை நீட்டியதும் இதில் அகப்படும்: ‘மலை’யின் முதலெழுத்தை நீண்ட ஸ்வரத்தில் வைத்தால் ‘மாலை’ என்றுதான் எழுதுவார்கள். அதற்குப் பாடகரைத் திருத்தி லாபமில்லை, அந்த நீண்ட ஸ்வரத்தில் நெடில் உள்ள சொல்லைத்தான் வைக்க வேண்டும்.

அனுப்பும்போது கூடவே எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘சொந்தப் பாட்டு, 3 நிமிடம் 40 விநாடி, இரண்டாம் பதிப்பு, ஃபோனில் பதிந்தது. மூன்று கேள்வி. கவனம் முதலில் விலகியது எந்த விநாடியில்? ஒரு தடவை கேட்ட பின் எந்த வரி மனசில் நிற்கிறது? சரணத்தில் எங்காவது சுருதி விலகுகிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும்.’ ‘சளி பிடிச்சிருந்துச்சு, ரெக்கார்டிங் சுமார்தான்’ என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்பவர் அதைத்தான் தேடிக் கேட்பார், இல்லையென்றால் உங்களைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பார். பாட்டின் கதைப்பின்னணியும் வேண்டாம். வரிகள் தானாகச் சொல்ல முடிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் சோதிக்கிறீர்கள்.

ஆள் தேர்வு முக்கியம். கிட்டாரோ கீபோர்டோ வாசிக்கும் ஒருவர், தமிழ் வரியில் ருசி உள்ள ஒருவர், பஸ்ஸில் பாட்டுக் கேட்கும் சாதாரண ரசிகர் இரண்டு பேர். எல்லை ஊரில் இருப்பதால் உங்களுக்கு ஐந்தாவதாக ஒருவர் கிடைப்பார்: தென்மலையிலோ புனலூரிலோ உள்ள மலையாளி நண்பர். வரிகள் அவருக்குப் பாதிதான் பிடிபடும் என்பதே அவருடைய தகுதி. சொல்லின் தயவில்லாமல் மெட்டு நிற்கிறதா என்பதை அவரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும். மறுநாள் அவரால் பல்லவியை முனக முடிகிறதா என்று கேளுங்கள். (உங்கள் பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர், அப்படி ஒரு நண்பர் அமைவது அங்கே அதிசயம் இல்லை.) வீட்டாரிடம் கடைசியாகக் கேளுங்கள். அவர்கள் கேட்பது உங்கள் குரலை, பாட்டை இல்லை.

வந்த பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பவர் சுட்டிக்காட்டும் இடம் பெரும்பாலும் சரி. அவர் சொல்லும் மருந்து பெரும்பாலும் தப்பு. ‘கிட்டார் சத்தம் ஜாஸ்தி’ என்றால் உடனே கிட்டாரைக் குறைக்காதீர்கள். ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை மொத்தமாக வருடுவது) குரல் வரும் இடத்திலேயே அடர்த்தியாக இருக்கலாம், சரணத்தில் பிளக்கிங்குக்கு (கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுவது) மாற்றினால் தீரும். ‘குரல் தூரமா இருக்கு’ என்பது மைக் தூரம் அல்லது ரிவர்ப். ‘ரெண்டாவது சரணத்துல போரடிக்குது’ என்றால் முதல் சரணத்தின் தாளக்கட்டும் கார்டும் அச்சடித்தது மாதிரி திரும்பி வந்திருக்கும். நான்கு வரியை இரண்டாகக் குறைக்கவும் யோசியுங்கள். ‘ஏதோ ஒட்டல’ என்று காரணம் சொல்லத் தெரியாமல் சொன்னால் முதலில் சுருதியையும் பிறகு தாளத்தையும் சோதியுங்கள். பத்து விநாடிக்குள் கவனம் விலகியதாகச் சொன்னால் முன்னிசை நீளம். 15 முதல் 20 விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும். ‘டிரம்ஸ் போடலாம், புல்லாங்குழல் போடலாம்’ என்பவரிடம் எந்த விநாடியில் அது தேவைப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள். அந்த இடத்தில்தான் ஓட்டை.

பதில் சொல்பவரிடம் வாதாடாதீர்கள். ‘அது அப்படித்தான் வேணும்னு வச்சது’ என்று ஒரு தடவை சொன்னால் அவர் அடுத்த பதிப்புக்கு ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நன்றி சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை ஓரமாக வையுங்கள். தொடர்பில்லாத இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் திருத்துங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: சுருதி விலகல். காது தேறிய ஒருவர் சொன்னாலே போதும், அது ரசனை விஷயம் இல்லை. கட்டையோ வேகமோ மாறினால் முழுவதும் மறுபதிவு; ஒரு வரி, ஒரு சொல் என்றால் அந்த இடத்தை மட்டும் பதிந்து ஒட்டுங்கள், ஆனால் அதே அறை, அதே தூரம், முடிந்தால் அதே நேரம். திருத்திய பதிப்பைப் பழைய ஆட்களுக்கு அனுப்பினால் அவர்கள் வித்தியாசத்தைத்தான் கேட்பார்கள். பாட்டாகக் கேட்கப் புதுக் காது இரண்டு வேண்டும். அதற்காகவே முதல் சுற்றில் எல்லோருக்கும் அனுப்பிவிடாமல் சிலரை மிச்சம் வையுங்கள்.

மைக் விஷயம். இப்போது வாங்க வேண்டாம். முதலில் மெத்தை, போர்வை, ஃபோன் இடம் மூன்றையும் சரிசெய்து இரண்டாம் பதிப்பைப் பதியுங்கள். அதற்குப் பிறகும் வாங்குவதானால் கண்டென்சரைவிட டைனமிக் மைக்கும் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உங்களுக்குப் பொருந்தும். 48 வோல்ட் கொடுத்து இயக்கும் கண்டென்சர், வாய்க்கு ஓர் அடி தள்ளி இருந்தாலும் நுணுக்கமாகப் பிடிக்கும். அதே நுணுக்கத்தோடு சாரலையும் லாரியையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் பிடிக்கும். டைனமிக்கை வாயிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டரில் வைத்துப் பாடுவதால் குரல் மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு சத்தமாக உள்ளே போகும். கிட்ட வைப்பதால் அடிக்குரல் தடிக்கும். 150 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் இறக்கினால் சரியாகிவிடும். வாங்கும்போது இன்டர்ஃபேஸின் கெய்ன் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) போதுமா என்று கடையிலேயே சொருகி, மெல்லிய குரலில் பாடிப் பாருங்கள். டைனமிக்குக்குச் சாதாரணமாக 50, 60 டெசிபல் கெய்ன் தேவைப்படும். மலிவான இன்டர்ஃபேஸ்கள் அந்த உயரத்தில் உஸ்ஸென்று இரையும்.